கரை சேராத ஸீபோ

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்படும் தனிக் கணினியைத் தொழில்துறையினர் கன்சோல் என்பர். 1990-களில் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது 'டிவி கேம்'. இக்கருவிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கோடிக்கணக்கில் விற்றவற்றையே சுற்றிவருவதால், 2009-இல் பிரேசிலில் விற்பனைக்கு வந்து, அவ்வாண்டின் இறுதியில் மெக்சிகோவுக்கும் சென்று, 2011-இல் கைவிடப்பட்ட ஸீபோ என்ற கருவியின் பெயர் அவற்றில் அரிதாகவே தென்படுகிறது. இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் தன் அடுத்த சந்தைகள் என்று அதன் நிறுவனம் அறிவித்திருந்தும், அது இந்தியக் கடைகளுக்கு வந்து சேரவே இல்லை. விற்பனைக் கணக்கில் அது தோற்றுப்போன பொருள்தான். ஆனால் யாரை மனத்தில் வைத்து அது வடிவமைக்கப்பட்டதோ, அத்தகையோர் வாழும் ஓர் ஊரிலிருந்து பார்த்தால், அதன் அடிப்படை எண்ணம் எவ்வளவு சரியானது என்பதும், அந்த எண்ணத்துக்குள்ளேயே அதன் அழிவுக்கான வித்தும் கிடந்தது என்பதும் ஒருசேர விளங்கும். பத்துபஸ்தி அத்தகைய ஊர்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரை ஒட்டி, தெற்கு அந்தமானில் அமைந்துள்ள குடியிருப்பு பத்துபஸ்தி. அந்தமான் தமிழர்கள் 'மெயின்லேண்ட்' என்று குறிப்பிடும் இந்தியப் பெருநிலம் அங்கிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னைத் துறைமுகத்தில் புறப்படும் பயணிகள் கப்பல் போர்ட் பிளேயரை அடைய ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகும். அரிசி, சிமென்ட், மருந்து, பாடப்புத்தகம் என எல்லாம் கடல் தாண்டியே வரவேண்டிய தீவில், ஒரு விளையாட்டுக் கருவியும் அதற்கான கேசட்டும் அதே கப்பலில் அல்லது ஊருக்குப் போய்த் திரும்பும் உறவினரின் பெட்டியில்தான் வரமுடியும். போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரில் கிடைக்காத ஒன்று, அடுத்த கப்பல் வரையிலாவது கிடைக்காது. தொலைவு என்பது பொருள்களின் விலையாகவும் காத்திருப்பின் நீளமாகவும் மாறிவிடும் இத்தகைய இடங்களையும், தொலைவு குறைவாக இருந்தும் வருமானம் குறைவாக இருப்பதால் அதே நிலையில் உள்ள சிற்றூர்களையும் உலகின் பெரிய விளையாட்டு நிறுவனங்கள் நெடுங்காலம் தம் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்தியாவின் பழைய அனுபவம் ஒன்று இதை நன்றாகக் காட்டும். மதுபான வணிகத்தால் பெயர்பெற்ற ஷா வாலஸ் நிறுவனம், ஜப்பானின் செகா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1995-இல் மெகா டிரைவ் கன்சோலை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. அப்போது இத்தகைய பொருள்கள்மீது 80 சதவீத இறக்குமதி வரி இருந்தது. அதைத் தவிர்ப்பதற்கென்றே அந்த ஏற்பாடு செய்யப்பட்டும், கருவியின் விலை சுமார் 18,000 ரூபாயாக இருந்தது. நடுத்தர வருவாய்க் குடும்பம் ஒன்றின் பல மாதச் சம்பளத்தை ஒரு விளையாட்டுப் பொருளுக்குக் கொடுக்க யாரும் முன்வராததில் வியப்பில்லை. அந்த இடத்தை நிரப்பியவை, நின்டெண்டோவின் பழைய ஃபாமிகாம் கருவியைப் பின்பற்றிச் செய்யப்பட்ட மலிவான பெட்டிகளும், அவற்றோடு வந்த 'பல ஆயிரம் கேம்' என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டுகளும் ஆகும். கேசட் என்று மக்கள் சொன்னது நாடா அல்ல. விளையாட்டின் நிரல் பதிந்த சில்லு ஒன்றைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துச் செய்த செருகுபொருள் அது. மரியோவையும் கான்ட்ராவையும் டபுள் டிராகனையும் தமிழ்ப் பிள்ளைகள் அறிந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். உரிமம் பெற்ற பொருள் எட்டாத விலையிலும் உரிமம் பெறாதது கைக்கெட்டிய விலையிலும் இருந்த அந்தச் சந்தையில் படைத்தவருக்குக் காசு போகவில்லை; ஆடியவருக்கோ தம் மொழியில், தம் வாழ்வைச் சொல்லும் விளையாட்டு எதுவும் கிடைக்கவில்லை.

இதே சிக்கலைப் பிரேசிலில் பல ஆண்டுகள் நேருக்கு நேர் சந்தித்த நிறுவனம் டெக்டாய். 1987-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் செகாவின் கருவிகளைப் பிரேசிலிலேயே தயாரித்து விற்றதோடு, அவற்றை அந்நாட்டுக்கு உரியனவாகவும் மாற்றியது. 1991-இல் அது ஒரு ஜப்பானிய சாகச விளையாட்டின் நாயகனை எடுத்துவிட்டு, மொரீசியோ டி சோசாவின் சித்திரக்கதைகள் வழியே பிரேசில் பிள்ளைகள் அனைவரும் அறிந்த மோனிக்கா என்னும் சிறுமியை அவ்விடத்தில் நிறுத்தியது. உலகம் கைவிட்ட, செகாவின் மாஸ்டர் சிஸ்டம் கருவி பிரேசிலில் பல பத்தாண்டுகள் விற்பனையில் நீடித்ததற்கு இந்த உள்ளூர்ப் பற்றும் ஒரு காரணம். கைபேசிச் சில்லுகளைச் செய்யும் அமெரிக்க நிறுவனமான குவால்காமும் டெக்டாயும் கைகோத்ததில் பிறந்ததுதான் சான் டியேகோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸீபோ நிறுவனம்.

பெட்டியும் காற்றலையும்

ஸீபோவின் வடிவமைப்பில் இருந்த துணிச்சல் அதன் வேகத்தில் இல்லை. அதற்குள் இருந்தது குவால்காமின் எம்.எஸ்.எம். 7201ஏ என்னும் சில்லு. 2008-இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்.டி.சி. டிரீமிலும் இருந்தது இதே சில்லுதான். அதாவது, கைபேசி ஒன்றின் உள்ளுறுப்புகளை எடுத்து, திரையையும் மின்கலத்தையும் நீக்கி, தொலைக்காட்சியோடு இணைத்தால் என்ன கிடைக்குமோ அதுவே ஸீபோ. காட்சித் தரத்தில் அது முதல் பிளேஸ்டேஷனுக்குச் சற்று மேலாகவும் இரண்டாம் பிளேஸ்டேஷனுக்குக் கீழாகவும் நின்றது. அன்றைய மூன்றாம் பிளேஸ்டேஷனோடும் எக்ஸ்பாக்ஸ் 360-ஓடும் ஒப்பிட்டு அதை ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆனால் அவற்றோடு போட்டியிடுவது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

அதில் வட்டு செருகும் இடமோ கேசட் செருகும் இடமோ கிடையாது. விளையாட்டுகள் அனைத்தும் 3ஜி எனப்படும் மூன்றாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பு வழியாகக் காற்றலையில் வந்து, கருவிக்குள் இருந்த 1 கிகாபைட் நினைவகத்தில் பதிந்துகொள்ளும். வீட்டில் இணைய இணைப்பு இருக்கவேண்டியதில்லை. தரவுக்குத் தனிக் கட்டணமும் இல்லை, அது விளையாட்டின் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது. இசட்-கிரெடிட் என்ற முன்பணப் புள்ளிகளை வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்பதால், கடனட்டை இல்லாத குடும்பமும் விளையாட்டு வாங்க முடிந்தது. கடை இல்லாத ஊர், வங்கிக் கணக்குக்கு அட்டை இல்லாத வீடு, தொலைபேசிக் கம்பி எட்டாத தெரு ஆகிய மூன்றையும் ஒரே வடிவமைப்பில் மனத்தில் கொண்ட கன்சோல் அதற்கு முன் வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதும் நிறுவனத்தின் நோக்கங்களில் ஒன்றுதான். நகலெடுக்க வட்டே இல்லாதபோது, படைத்தவருக்குரிய பணம் மலிவான விலையிலும் அவரைச் சென்றடையும் என்பது அதன் கணக்கு.

அந்தமானின் தொலைத்தொடர்பு நிலையோடு இந்த வடிவமைப்பைச் சேர்த்துப் பார்த்தால் மேலும் ஒரு நுட்பம் வெளிப்படும். 2020 வரை அத்தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குச் சென்று திரும்பக் குறிப்பலைக்கு ஏறத்தாழ கால் வினாடி ஆகும். கேள்வி ஒரு முறையும் விடை ஒரு முறையும் அப்பாதையைக் கடக்கவேண்டியிருப்பதால் மொத்தத் தாமதம் அரை வினாடியைத் தொடும். எதிராளியோடு உடனுக்குடன் மோதும் இணைய விளையாட்டுக்கு இந்தத் தாமதம் பெருந்தடை, ஏனெனில் விசையை அழுத்திய கணமும் அதன் விளைவு திரையில் தெரியும் கணமும் பிரிந்துவிடும். ஆனால் ஒரு சிறிய விளையாட்டை இரவில் மெல்ல இறக்கிக்கொண்டு, மறுநாள் வலையமைப்பின் துணையின்றியே ஆடுவதற்கு அரை வினாடித் தாமதம் ஒரு பொருட்டல்ல. மெல்லிய இணைப்பைப் பொறுத்துக்கொள்ளும் சிறிய விளையாட்டுகள், ஆடும்போது இணைப்பே தேவைப்படாத கருவி என்ற ஸீபோவின் அமைப்பு, அதன் வடிவமைப்பாளர்கள் பெயரைக்கூடக் கேட்டிருக்க வாய்ப்பில்லாத பத்துபஸ்தியின் அன்றைய நிலைக்குப் பெரிதும் பொருந்தியிருக்கும்.

பேரிங் வண்டி ஓடிய திரை

ஸீபோவை அன்போடு நினைவுகூர்வதற்குத் தொழில்நுட்பத்தை விடவும் வலுவான காரணம் அதில் வந்த விளையாட்டுகள்தாம். ஃபிஃபா 09, குவேக், கிராஷ் பாண்டிகூட் போன்ற உலகறிந்த பெயர்கள் அதில் இருந்தன. அவற்றுள் பல கைபேசிகளுக்காகச் செய்யப்பட்டவற்றின் மறுவடிவங்கள் என்பதால் அவை பெருமைப்படத்தக்கவை அல்ல. பெருமைப்படத்தக்கவை, பிரேசிலின் தெருக்களிலிருந்து நேராகத் திரைக்கு வந்தவை. 'ஸீபோ எக்ஸ்ட்ரீம்' என்ற வரிசையில் ரோலிமா என்றொரு பந்தய விளையாட்டு உண்டு. ரோலிமா என்பது பலகை ஒன்றின் அடியில் பழைய பால் பேரிங்குகளைச் சக்கரமாகப் பொருத்தி, சரிவான சாலையில் உட்கார்ந்து உருண்டுவரும் பிள்ளைகளின் கைவண்டி. மெக்கானிக் கடையில் தேய்ந்துபோன பேரிங்கைக் கேட்டு வாங்கி, ஆணியடித்து, முன்கட்டையில் கயிறு கட்டித் திருப்பி ஓட்டும் பேரிங் வண்டியை அறிந்த தமிழ் வாசகருக்கு அதை மேலும் விளக்கவேண்டியதில்லை. மேடும் பள்ளமுமாக அமைந்த போர்ட் பிளேயர்ச் சாலைகளை ஒருமுறை பார்த்தவர்க்கும், அத்தகைய வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான நிலம் அமையாது என்பது தெரியும்.

'ஸீபோ ஸ்போர்ட்ஸ்' வரிசையில் பெட்டேக்கா இடம்பெற்றது; இறகு பொருத்திய பந்து ஒன்றை மட்டையின்றி உள்ளங்கையால் தட்டி ஆடும், பிரேசிலின் தொல்குடிகளிடமிருந்து வந்த ஆட்டம் அது. எதிரணியினரைப் பந்தால் அடித்து வெளியேற்றும் கெய்மாடா என்ற பள்ளிக்கூட ஆட்டமும் அவ்வரிசையில் வந்தது. கையின் அசைவை உணரும் பூமராங் என்ற கட்டுப்பாட்டுக் கருவியும் இத்தகைய விளையாட்டுகளுக்கென விற்கப்பட்டது. மோனிக்காவும் அவள் தோழர்களும் இக்கருவியிலும் திரும்ப வந்தனர். டபுள் டிராகன் என்ற பழைய சண்டை விளையாட்டைக்கூட, பிரிஸோ என்ற குழு ஸீபோவுக்கென்றே புதிதாக வரைந்து செய்தது. கேசட் காலத்தில் அதன் பழைய வடிவத்தை ஆடியவர்கள் இன்று அதைத் தேடிப் பார்த்து மகிழ்வதற்கு அதில் நிறையவே இருக்கிறது.

இவ்விளையாட்டுகளின் நுட்பம் குறைவு என்பதும், சிலவற்றில் அவசரம் தெரிகிறது என்பதும் உண்மை. எனினும் ஒரு நாட்டுப் பிள்ளைகளின் தெருவிளையாட்டைத் திரையில் ஏற்றத் தகுந்ததாகக் கருதி, அதற்குப் பணமும் உழைப்பும் செலவிட்ட கன்சோல் நிறுவனங்கள் மிகச் சில. ஏறக்குறைய அதே காலத்தில், 2009-இல், ஹைதராபாதின் அவ்ரோனா நிறுவனம் இரண்டாம் பிளேஸ்டேஷனுக்காக உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்' முழுவதும் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் கன்சோல் விளையாட்டாக வெளிவந்தது. அம்முயற்சி தொடர்ந்து வளரவில்லை. கில்லியும் பம்பரமும் கோலியும் பேரிங் வண்டியும் தமிழ் பேசும் ஒரு கன்சோலில் ஏறுவதற்கான வாய்ப்பு எங்காவது இருந்திருந்தால், அது உள்ளூர்க் குழுக்களைக் குறைந்த செலவில் விளையாட்டு செய்ய அழைத்த ஸீபோ போன்ற ஒன்றில்தான் இருந்திருக்கும் என்று நம்ப இடமுண்டு.

ஸீபோ ஏன் விலைபோகவில்லை என்பதற்குக் காரணங்களைத் தேடி அலையவேண்டியதில்லை. பிரேசிலில் அதன் தொடக்க விலை 499 ரெயால். பின்னர் குறைக்கப்பட்டபோதும், ஏற்கெனவே பல வீடுகளில் இருந்த இரண்டாம் பிளேஸ்டேஷனும் அதற்குத் தெருவோரத்தில் கிடைத்த நகல் வட்டுகளும் அதை மிஞ்சின. 1 கிகாபைட் நினைவகம் பெரிய விளையாட்டுகளுக்கு இடம் தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குள் இருந்த சில்லே வேறொரு வடிவில் அதை வென்றது: அதே உறுப்புகளைக் கொண்ட கைபேசி பேசவும் படமெடுக்கவும் உதவியதோடு விளையாடவும் உதவியபோது, தொலைக்காட்சிக்கென்று தனிப்பெட்டி வாங்க வேண்டிய தேவை கரைந்துகொண்டே போனது.

இந்தியாவைப் பொறுத்தவரை காலமும் ஒத்துவரவில்லை. பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். 2009-இல் 3ஜி சேவையைத் தொடங்கியபோதிலும், தனியார் நிறுவனங்களுக்கான அலைக்கற்றை ஏலம் 2010 ஏப்ரலில்தான் தொடங்கியது. 34 நாள் நடந்த அந்த ஏலத்தில் அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் கிடைக்க, சேவைகள் அவ்வாண்டின் இறுதியில்தான் மக்களை எட்டத் தொடங்கின. வலையமைப்பையே கடையாகக் கொண்ட கருவிக்கு வலையமைப்பு பிறந்துகொண்டிருந்த நாட்டில் என்ன இடம் இருந்திருக்கும்? அது பரவலாவதற்குள் ஸீபோ மறைந்துவிட்டது.

அணைந்த சேவை, எஞ்சிய பெட்டிகள்

வட்டோ கேசட்டோ இன்றி விளையாட்டு அனுப்பும் எண்ணம் ஸீபோவோடு பிறந்ததும் அல்ல, அதோடு மடிந்ததும் அல்ல. 1994-இல் அமெரிக்காவில் கேபிள் தொலைக்காட்சிக் கம்பி வழியே மெகா டிரைவுக்கு விளையாட்டுகளைத் தந்த செகா சேனல், 1995 முதல் 2000 வரை ஜப்பானில் செயற்கைக்கோள் ஒலிபரப்பு வழியே நின்டெண்டோ கருவிகளுக்கு விளையாட்டுகளை அனுப்பிய சாட்டலாவியூ ஆகியவை அதன் முன்னோர். 1998-இல் வெளிவந்த செகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலில் தொலைபேசி வழியே இணையத்தில் சேரும் மோடம் உள்ளேயே இருந்தது. ஏறக்குறைய 91 லட்சம் விற்றும் அதுவும் 2001 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

இவற்றுள் டிரீம்காஸ்டுக்கும் மற்றவற்றுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. டிரீம்காஸ்டின் விளையாட்டுகள் வட்டில் வந்தன; ஆகவே நிறுவனம் கைவிட்ட பிறகும் அவை ஆடப்படுகின்றன, விரும்பிகள் இன்றும் அதற்குப் புதிய விளையாட்டுகள் செய்கின்றனர். ஸீபோவின் சேவை நின்ற நாளில் அதன் கடையே மறைந்தது. கருவி வாங்கும்போதே உள்ளே பதிந்து வந்தவையும், அந்தந்த வீட்டினர் அதுவரை இறக்கிவைத்திருந்தவையும் மட்டுமே எஞ்சின. பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டைத் தவறுதலாக அழித்தவருக்கு அதைத் திரும்பப் பெற வழி இல்லாது போயிற்று. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உப்புக்காற்றும் ஈரமும் கேசட்டின் செப்பு முனைகளில் பச்சைப் பூச்சை ஏற்றிவிடும். இருந்தும் அழிரப்பரால் முனையைத் தேய்த்துச் செருகினால் 30 ஆண்டு பழைய கேசட் இன்றும் ஓடக்கூடும். கப்பலில் வந்த பொருளுக்கு இருந்த இந்த ஆயுள் காற்றில் வந்த பொருளுக்கு இல்லை. தொலைதூர ஊரைத் தேடிவந்த அதே வழிதான், ஓர் அலுவலகத்தில் எடுக்கப்பட்ட முடிவால் எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது.

ஸீபோவின் விளையாட்டுகள் முற்றிலும் அழியாமல் இருப்பதற்குக் காரணம் ஊதியமின்றி உழைத்த ஆர்வலர்கள். எஞ்சிய கருவிகளைத் தேடி வாங்கி, அவற்றின் நினைவகத்தில் தங்கியிருந்த நிரல்களைப் படியெடுத்து, அவற்றை இன்றைய கணினியில் ஓட்ட உதவும் எமுலேட்டர், அதாவது பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளையும் அவர்கள் உருவாக்கினர். இது ஸீபோவுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று, உலகெங்கும் வெற்றி பெற்ற 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையை நின்டெண்டோ மூடியது.

பத்துபஸ்தியின் நிலை இதற்கிடையில் மாறியது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் இடப்பட்ட ஒளியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, போர்ட் பிளேயரோடு சுவராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகியவற்றை இணைத்தது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட கச்சால் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. வடம் வந்த மூன்றே வாரத்தில், செப்டம்பர் 2 அன்று, நாட்டின் இளைஞர்கள் பெருந்திரளாக ஆடிவந்த பப்ஜி மொபைல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. தடையின் காரணங்கள் வேறு. ஆயினும் கருவியில் இருக்கும் ஒரு விளையாட்டு ஆடுபவரின் கையில் இல்லை என்பதை அது அத்தீவின் பிள்ளைகளுக்கும் உணர்த்தியிருக்கும். இன்று அவர்கள் எந்தக் கப்பலுக்கும் காத்திராமல் கைபேசியில் இறக்கி ஆடும் ஒவ்வொரு விளையாட்டும், விநியோக முறையில் ஸீபோவை ஒத்ததே.

இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் செல்லவேண்டும் என்று 1954-ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. திரைப்படங்களைப் பேணுவதற்கு 1964-இல் புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் நிறுவப்பட்டது. வீடியோ விளையாட்டுகளுக்கு இத்தகைய கடமையும் இல்லை, காப்பகமும் இல்லை. 'ஹனுமான்: பாய் வாரியர்' வட்டும், 1990-களில் இந்திய நிறுவனங்கள் விற்ற டிவி கேம் பெட்டிகளும், அவற்றின் அட்டைகளும் கையேடுகளும் தனியார் அலமாரிகளில் கிடக்கின்றன, சில பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. தமிழில் இப்போது சிறு குழுக்கள் செய்துவரும் கைபேசி விளையாட்டுகளின் நிரல்களையாவது, அவற்றின் கடைகள் மூடப்படுவதற்கு முன், ஒரு பல்கலைக்கழகமோ நூலகமோ கேட்டு வாங்கி வைக்கத் தொடங்கவேண்டும். அதற்குத் தேவைப்படும் வன்தட்டுகள் ஒரு மேசை இழுப்பறைக்குள் அடங்கிவிடும்.